ராத்திரிக் கால் பிடிப்பு: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிவைப்பது?

தூக்கத்தில் கெண்டைக்கால் சதை திடீரென்று இழுத்துக் கல்லாக இறுகிப்போவதை ஒருமுறையாவது அனுபவிக்காத பெரியவர்கள் குறைவு. குரக்களி பிடித்துக்கொண்டது என்பார்கள், நரம்பு இழுத்துக்கொண்டது என்பார்கள். சில விநாடியில் விட்டுவிடலாம், சில நிமிடம் வரை படுத்தி எடுக்கலாம். விட்ட பிறகும் சதையில் ஒரு வலி மறுநாள் வரைக்கும் தங்கும். அறுபது தாண்டியவர்களில் சிலருக்கு இது வாரத்தில் பல ராத்திரி வரும். தூக்கம் கெட்டு, மறுநாள் முழுக்கச் சோர்ந்துபோய், "வயசானா அப்படித்தான்" என்று யாரிடமும் சொல்லாமல் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். அப்படிப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வெளியே சொன்னால் வேறு சிக்கல். பக்கத்து வீட்டு அக்கா வாழைப்பழம் சாப்பிடச் சொல்வார். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் மெக்னீசியமோ பி காம்ப்ளெக்ஸோ எடுத்துத் தருவார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை கே2 வைட்டமின் பாட்டில் அனுப்பி வைப்பார். வாட்ஸ்அப்பில் ஊறுகாய்த் தண்ணீர் குடிக்கச் சொல்லி வீடியோ வரும். ஒவ்வொன்றுக்கும் "எனக்கு இதுலதான் சரியாச்சு" என்று சொல்ல ஒருவர் இருப்பார். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஏன் எல்லாமே வேலை செய்தது போலத் தெரிகிறது என்பதற்கு மெக்னீசியம் பற்றிப் பேசும்போது வருகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில், இது சாதாரணப் பிடிப்புதானா என்று பார்க்க வேண்டும். அடுத்தது, ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைகள். மூன்றாவது, படுக்கும் முன் காலை இழுத்துவிடும் பயிற்சி. இந்த மூன்றும் முடிந்த பிறகுதான் புதிதாக ஒரு மாத்திரையைப் பற்றி யோசிக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது.

ஏன் ராத்திரியில்?

உடம்பில் தண்ணீரோ உப்போ குறைந்துவிட்டது என்பதுதான் பலரும் சொல்லும் காரணம். நாள் முழுக்க வெயிலில் வேர்வை சிந்துகிறவர்களுக்கு அது பொருந்தும். வீட்டில் இருக்கும் அறுபத்தைந்து வயதுக்காரருக்கு அது பெரும்பாலும் பொருந்துவதில்லை. அவர்களில் பலருக்கு ரத்தத்தில் பொட்டாசியமும் மெக்னீசியமும் சரியாகவே இருக்கும்.

பிடிப்பு தொடங்குவது சதையில் அல்ல, சதைக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்பில் என்றுதான் இன்றைய புரிதல். அந்த நரம்பு கட்டுப்பாடில்லாமல் படபடவென்று தொடர்ந்து சமிக்ஞை அனுப்ப, சதை விடாமல் சுருங்குகிறது. படுத்திருக்கும்போது நம் பாதம் தானாகவே கீழ்ப்பக்கம் சாய்ந்துகொள்கிறது. கனமான போர்வை போர்த்தினால் இன்னும் சாயும். அப்போது கெண்டைக்கால் சதை ஏற்கெனவே சுருங்கிய நிலையில் இருக்கிறது. அந்த நிலையில் சின்ன இழுப்பு வந்தாலும் அதை எதிர்த்து நீட்டிவிட எதுவும் இல்லை. தூக்கக் கலக்கத்தில் சோம்பல் முறித்து, கால் விரலைக் கீழ்ப்பக்கம் நீட்டும் அதே நொடியில் பிடித்துக்கொள்வது இதனால்தான். வயதாக ஆக நரம்பு நுனிகள் தேய்வதும், நடமாட்டம் குறைந்து சதையும் அதைக் குதிகாலோடு இணைக்கும் நாணும் குறுகுவதும் சேர்ந்துகொள்கின்றன.

இந்த விளக்கத்தை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. காலை இழுத்துவிடுவது ஏன் உடனே பலன் தருகிறது, சத்து மாத்திரைகள் ஏன் பலருக்கும் ஏமாற்றம் தருகின்றன என்ற இரண்டுக்கும் பதில் இதில்தான் இருக்கிறது.

வேறு ஏதாவதா என்று பார்ப்பது

பிடிப்பு என்றால் சதை தொட்டால் தெரியும்படி உருண்டு இறுகியிருக்கும், திடீரென்று வரும், நீட்டினால் விடும். இந்த மூன்றும் இல்லையென்றால் அது வேறு ஏதோ.

படுத்ததும் காலுக்குள் ஏதோ ஊர்வது போல, காலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும் போல இருந்து, எழுந்து நடந்தால் அடங்கினால் அது அமைதியற்ற கால் என்னும் தனிப் பிரச்சினை. இரும்புச் சத்துக் குறைவோடு அதற்குத் தொடர்பு உண்டு, வைத்தியமும் வேறு. கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் வலித்து, நின்றால் சரியாகி, மறுபடி நடந்தால் வலித்தால் அது காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அடைப்பு முற்றினால் ராத்திரியில் பாதத்தில் வலி வரும். கட்டிலிலிருந்து காலைத் தொங்கப் போட்டால் அந்த வலி குறையும். அப்படி இருந்தால் அது அவசரமாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலி விடாமல் இருந்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் காலைத் தைலம் போட்டு உருவிவிடக் கூடாது, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதோடு மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் 108-ஐ அழையுங்கள்.

பிடித்துக்கொண்ட அந்த நேரத்தில்

இங்கே ஒப்பிட அதிகம் இல்லை. முழங்காலை நீட்டி, பாதத்தின் முன்பக்கத்தை உங்களை நோக்கி இழுப்பதுதான் முதல் வேலை. குனிந்து விரலைப் பிடிக்க முடியாதவர்கள் ஒரு துண்டைப் பாதத்தின் அடியில் கொடுத்து இரண்டு கையாலும் இழுக்கலாம். அதனால் தலைமாட்டில் ஒரு நீளத் துண்டு இருப்பது நல்லது. எழுந்து நின்று குதிகாலைத் தரையில் அழுத்துவதும் வேகமாக வேலை செய்யும். ஆனால் வயதானவர்கள் இருட்டில், தூக்கக் கலக்கத்தில், வலியோடு தடாலென்று எழுந்தால் விழுந்துவிடும் ஆபத்து இருக்கிறது. இடுப்பு எலும்பு முறிவை விடக் கால் பிடிப்பு எவ்வளவோ மேல். ஆகவே முதலில் உட்கார்ந்தபடியே துண்டு. முடியவில்லை என்றால் விளக்கைப் போட்டு, எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பது.

நீவிவிடுவதும் எண்ணெய் தேய்ப்பதும் இதமாக இருக்கும். ஆனால் நீட்டுவதைத் தள்ளிப்போட்டுவிட்டு தைல பாட்டிலைத் தேடுவதில் பயனில்லை. விட்ட பிறகு மிச்சம் இருக்கும் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். சூடு தெரியாமல் கொப்புளம் வந்து, அது புண்ணாகிப் பெரிய வினையில் முடியும்.

அந்த ஊறுகாய்த் தண்ணீர் வீடியோவில் கொஞ்சம் உண்மை உண்டு. 2010-இல் அமெரிக்காவில் செய்த ஒரு சோதனையில், மின்தூண்டலால் வரவழைத்த பிடிப்பு, வெறும் தண்ணீர் குடித்தவர்களை விட வெள்ளரி ஊறுகாயின் வினிகர்த் தண்ணீர் குடித்தவர்களுக்குச் சீக்கிரம் விட்டது. அதில் இருக்கும் உப்பு ரத்தத்தில் சேரும் முன்பே விட்டுவிட்டதால், தொண்டையில் படும் புளிப்பு நரம்பு வழியாக ஏதோ செய்கிறது என்று கருதுகிறார்கள். நம் வீட்டு மாங்காய் ஊறுகாயின் எண்ணெயும் காரமும் அதுவல்ல. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ராத்திரியில் ஊறுகாயைத் தேடுவதை நான் சரியென்று சொல்ல மாட்டேன். துண்டு போதும்.

முதல் தேர்வு: மாத்திரைப் பை

வராமல் தடுப்பதற்கு என்ன வழி என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் எதைச் சேர்ப்பது என்றுதான் யோசிக்கிறார்கள். ஏற்கெனவே உள்ளே போய்க்கொண்டிருப்பதைப் பார்ப்பதில்லை. எனக்கு இதுதான் பெரிய ஆதங்கம்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் மருந்துச் சீட்டுப் பதிவுகளை வைத்து 2012-இல் ஓர் ஆய்வு வந்தது. அங்கே அப்போது பிடிப்புக்காக, மலேரியா மருந்தான குயினைனை எழுதித் தருவது வழக்கத்தில் இருந்தது. ஒரு மருந்தை ஆரம்பிப்பதற்கு முந்தைய வருடத்தையும் பிந்தைய வருடத்தையும் ஒப்பிட்டு, எத்தனை பேர் புதிதாக குயினைன் வாங்கத் தொடங்கினார்கள் என்று பார்த்தார்கள். ஆஸ்துமா, நுரையீரல் அடைப்புக்காக இன்ஹேலரில் உறிஞ்சும், நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்துகளில் அது சுமார் 2.4 மடங்காக இருந்தது. நீர் மாத்திரை என்பது சிறுநீரை அதிகம் போகவைக்கும் மாத்திரை; அதில் பொட்டாசியத்தைக் காக்கும் வகையில் சுமார் 2.1 மடங்கு, ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் தயாசைடு வகை நீர் மாத்திரைகளில் சுமார் ஒன்றரை மடங்கு. எல்லோரும் முதலில் சந்தேகிக்கும் கொழுப்பு மாத்திரையான ஸ்டாட்டினில் வெறும் 1.16 மடங்குதான்.

நம் வீட்டுக்கு இதை எப்படிப் பொருத்துவது? ரத்த அழுத்த மாத்திரை அட்டையில் மருந்தின் பெயருக்குப் பின்னால் 'எச்' என்ற எழுத்து இருந்தால், அதில் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயாசைடு என்னும் நீர் மருந்து சேர்ந்திருக்கும். 'சிடி' என்று இருந்தால் குளோர்தாலிடோன். கால் வீக்கத்துக்கும் இதய நோய்க்கும் கொடுக்கும் ஃப்ரூசமைடு, ஸ்பைரனோலாக்டோன் ஆகியவையும் நீர் மாத்திரைகள்தான். உறிஞ்சும் மருந்தில் ஃபார்மோடெரால், சால்மெடெரால் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பிடிப்பு எப்போது ஆரம்பித்தது, அந்த மருந்து எப்போது ஆரம்பித்தது என்று இரண்டு தேதியையும் ஒரு தாளில் எழுதுங்கள்.

மருந்தை நீங்களாக நிறுத்தச் சொல்லவில்லை. ஒருபோதும் நிறுத்தாதீர்கள். ஆஸ்துமா மருந்தை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. இதய நோய்க்கான நீர் மாத்திரையை நிறுத்தினால் மூச்சு முட்டலாம். ஆனால் ரத்த அழுத்தத்துக்கு மட்டும் நீர் மருந்து என்றால், டாக்டரிடம் சொன்னால் வேறு வகைக்கு மாற்ற வழி இருக்கிறது. அளவைக் குறைக்கவும் முடியும். ஒரு மாத்திரையைச் சேர்ப்பதை விட ஒன்றைக் குறைத்துத் தீர்வு கண்டால் அதுதான் நல்ல வைத்தியம்.

இரண்டாவது தேர்வு: படுக்கும் முன் இழுத்துவிடுவது

இதைப் பற்றி இரண்டு ஆய்வுகள் எதிரெதிர் முடிவைச் சொல்கின்றன. 2005-இல் பிரிட்டனில் வந்தது ஒன்று. ஏற்கெனவே குயினைன் சாப்பிட்டுக்கொண்டிருந்த, அறுபது வயதுக்கு மேற்பட்ட 191 பேர் அதில் கலந்துகொண்டார்கள். பல வாரம் கெண்டைக்கால் பயிற்சி செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. 2012-இல் நெதர்லாந்தில் வந்தது இன்னொன்று. 55 வயதுக்கு மேற்பட்ட 80 பேர், குயினைன் சாப்பிடாதவர்கள். தினமும் படுக்கப் போகும் முன் கெண்டைக்காலையும் தொடையின் பின்பக்கத்தையும் இழுத்துவிட்டார்கள். ஆறு வாரத்தில், பயிற்சி செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் ராத்திரிக்கு ஒரு பிடிப்புக்கு மேல் குறைந்தது. வந்த பிடிப்பின் வலியும் தணிந்திருந்தது.

இரண்டில் எதை எடுத்துக்கொள்வது? நான் நெதர்லாந்து ஆய்வின் பக்கம் நிற்கிறேன். பிரிட்டிஷ் ஆய்வில் இருந்தவர்கள் பல காலமாக மருந்து எடுத்துக்கொண்டவர்கள். இழுத்துவிட்டதும் கெண்டைக்கால் மட்டும்தான், தொடையின் பின்பக்கம் அல்ல. நெதர்லாந்தில் படுக்கும் நேரத்துக்கு ஒட்டியே செய்தார்கள். அங்கே பயிற்சி செய்கிறவருக்குத் தான் செய்வது தெரியும் என்பதால், நம்பிக்கையால் வந்த பலனும் கொஞ்சம் கலந்திருக்கும். அதையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும், செலவில்லாத, பக்கவிளைவில்லாத ஒன்றை ஆறு வாரம் செய்து பார்க்காமல் மாத்திரைக்குப் போக எனக்குக் காரணம் தெரியவில்லை.

செய்முறை எளிது. சுவரைப் பார்த்து ஓரடி, ஒன்றரை அடி தள்ளி நின்று, இரண்டு கையையும் சுவரில் ஊன்றுங்கள். ஒரு காலைப் பின்னால் வைத்து முழங்காலை நேராக்கி, குதிகால் தரையை விட்டுக் கிளம்பாமல் முன்னால் சாயுங்கள். கெண்டைக்காலில் நன்றாக ஓர் இழுப்பு தெரியும், வலிக்கக் கூடாது. பத்து எண்ணும் வரை வைத்திருந்து விடுங்கள். ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை. அப்புறம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு காலைக் கட்டில் மேல் நீட்டி, முதுகு வளையாமல் முன்னால் குனிந்து தொடையின் பின்பக்கத்தை அதேபோல. மொத்தம் ஐந்து நிமிடம்கூட ஆகாது. நிற்க முடியாதவர்கள் கட்டிலில் உட்கார்ந்து துண்டை வைத்தே செய்யலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரையோடு வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருவதும் உண்டு. படுக்கையோடு இருக்கும் பெரியவர்களுக்கு அவர்களிடம் கேட்டுப் பழகிக்கொள்ளலாம்.

கூடவே இரண்டு சின்ன விஷயம். போர்வையைக் கால்மாட்டில் இறுக்கிச் செருகாதீர்கள். மல்லாந்து படுப்பவர்கள் பாதம் கூரையைப் பார்க்கும்படி ஒரு தலையணையை அண்டைக் கொடுங்கள்.

மூன்றாவது வரிசை: சத்து மாத்திரைகள்

மெக்னீசியத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், அதிகம் விற்பது அதுதான். 2017-இல் இஸ்ரேலில் 94 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மெக்னீசியம் ஆக்சைடும் மற்றப் பகுதிக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரையும் நான்கு வாரம் கொடுத்தார்கள். மெக்னீசியம் சாப்பிட்டவர்களுக்கு வாரத்துக்குச் சராசரியாக 3.4 பிடிப்பு குறைந்தது. நல்ல பலன்தானே என்று தோன்றும். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் 3 குறைந்தது. இரண்டுக்கும் பொருட்படுத்தும்படியான வித்தியாசம் இல்லை. 11 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் என்னும் சர்வதேச ஆய்வுக் குழுவும் 2020-இல் அதையேதான் சொன்னது: வயதானவர்களுக்கு மெக்னீசியத்தால் பிடிப்பு சொல்லும்படி குறைவதற்கு வாய்ப்பில்லை.

"எனக்கு இதுலதான் சரியாச்சு" என்ற பேச்சின் ரகசியம் இங்கே இருக்கிறது. கால் பிடிப்பு தானாகவே கூடிக் குறையும் தன்மை கொண்டது. ரொம்ப மோசமான வாரத்தில்தான் நாம் மருந்து தேடிப் போகிறோம். அதற்கு அடுத்த வாரங்களில் எது சாப்பிட்டாலும், எதுவும் சாப்பிடாவிட்டாலும் குறையத்தான் செய்யும். அந்தப் புண்ணியம் அப்போது கையில் இருந்த மாத்திரைக்குப் போய்விடுகிறது.

நீர் மாத்திரை அதிகம் எடுப்பவர், நாள்பட்ட வயிற்றுப்போக்கு உள்ளவர், மதுப்பழக்கம் உள்ளவர் ஆகியோருக்கு மெக்னீசியம் உண்மையிலேயே குறைந்திருக்கலாம். ரத்தத்தில் பார்த்துவிட்டு அவர்களுக்குக் கொடுப்பது நியாயம். மற்றவர்கள் வாங்கினால் வயிற்றுப்போக்குதான் மிச்சம். சிறுநீரகம் பழுதானவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது, அது வெளியேறாமல் உடம்பில் தேங்கிவிடும்.

பி காம்ப்ளெக்ஸுக்கு ஆதாரம் சின்னது. தைவானில் ரத்த அழுத்தம் உள்ள முதியவர்கள் 28 பேரை வைத்து 1998-இல் செய்த ஓர் ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது. அதை நம்பித்தான் அமெரிக்க நரம்பியல் அகாடமியும் 2010-இல் "முயன்று பார்க்கலாம்" என்ற அளவுக்குச் சொன்னது. 28 பேர் என்பது குறைவு. ஆனால் நம் ஊரில் இதற்கு வேறொரு கோணம் இருக்கிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையும். சைவ உணவு மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும் குறையும். அது குறைந்தால் நரம்பே பழுதாகும். ஆகவே இந்த இரண்டு வகையினர் பிடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பி12 அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. மெக்னீசியத்துக்கும் பி காம்ப்ளெக்ஸுக்கும் இடையில் ஒன்றைத்தான் வாங்குவேன் என்றால், நான் பி காம்ப்ளெக்ஸைச் சொல்வேன்.

கே2 புதிது. சீனாவில் 65 வயதுக்கு மேற்பட்ட 199 பேருக்கு எட்டு வாரம் நடந்த ஆய்வு 2024 அக்டோபரில் வெளிவந்தது. தினமும் 180 மைக்ரோகிராம் கே2 எடுத்தவர்களுக்கு வாரத்துக்கு 2.6 என்றிருந்த பிடிப்பு ஒன்றுக்கும் கீழே வந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்குக் குறையவே இல்லை, கொஞ்சம் கூடியது. இந்த வரிசையில் இருக்கும் சத்து மாத்திரைகளில் இவ்வளவு தெளிவான வித்தியாசம் காட்டியது இதுதான். ஒரே ஓர் ஆய்வு என்பதால் இன்னொரு நாட்டிலும் இதே முடிவு வரட்டும் என்று காத்திருப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பயிற்சியும் மருந்து மாற்றமும் செய்தும் தூக்கம் கெடுகிறவர், டாக்டரிடம் பேசிவிட்டு எட்டு வாரம் முயன்று பார்க்கலாம். ஆனால் ஒரு கண்டிப்பான தடை இருக்கிறது. இதய வால்வு மாற்றியவர்களும் ரத்தம் உறைந்து சிகிச்சை பெறுபவர்களும் பலர், ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம், வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுவார்கள். அந்த மருந்தின் வேலையை வைட்டமின் கே நேராக முறிக்கும். வால்வில் ரத்தக்கட்டி வரலாம். வெளிநாட்டுப் பாட்டிலில் என்ன எழுதியிருந்தாலும் சரி, அவர்கள் இதைத் தொடக் கூடாது.

வாழைப்பழம், இளநீர், உப்புத் தண்ணீர்

இங்கே ஆளைப் பொறுத்து விடை மாறும். செங்கல் சூளையிலோ வயலிலோ கட்டட வேலையிலோ வெயிலில் வேர்த்து, அன்று ராத்திரி காலும் கையும் வயிறும் இழுத்துக்கொண்டால் அது உப்பு போனதால் வருவது. அவர்களுக்கு முதல் தேர்வே உப்புப் போட்ட கஞ்சி, மோர், ஓஆர்எஸ்தான். வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் குடித்தால் உப்பு இன்னும் நீர்த்துப்போகும்.

வீட்டிலேயே இருப்பவருக்கு வாழைப்பழம் நல்ல பழம், சாப்பிடட்டும். கால் பிடிப்புக்கு மருந்தாக அதை எதிர்பார்க்க வேண்டாம். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களும், ராமிப்ரில், டெல்மிசார்டான், ஸ்பைரனோலாக்டோன் மாதிரி பொட்டாசியத்தைத் தேக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களும் "கால் இழுக்குதே" என்று தினமும் இளநீரும் பழமும் கூட்டிக்கொண்டே போனால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறும். இயற்கைதானே என்று இதில் அசட்டையாக இருக்க முடியாது.

கடைசி இடம்: குயினைன்

பிடிப்பைக் குறைக்கும் என்று நிறைய ஆய்வுகளில் தெரிந்த மருந்து குயினைன்தான். நீலகிரியில் 1860-களிலிருந்து சிங்கோனா மரம் பயிரிட்டு, அதன் பட்டையிலிருந்து மலேரியாவுக்காக எடுத்த அதே குயினைன். வால்பாறைப் பக்கத்தில் சின்கோனா என்றே ஓர் ஊர் இருக்கிறது. 23 ஆய்வுகளைத் தொகுத்ததில் இரண்டு வாரத்தில் வரும் பிடிப்பு சுமார் 28 சதவீதம் குறைந்தது.

இருந்தும் நான் இதைக் கடைசியில் வைக்கிறேன். அபூர்வமாக, ஆனால் முன்கூட்டிச் சொல்ல முடியாதபடி, ரத்தத் தட்டணுக்கள் சரிந்து ரத்தக்கசிவு வரும், சிறுநீரகம் பழுதாகும், இதயத் துடிப்பு தடம் மாறும். உயிர்ப்பலியும் நடந்திருக்கிறது. அமெரிக்கா 1994-இலேயே கால் பிடிப்புக்காகச் சீட்டில்லாமல் விற்பதை நிறுத்தியது. பிரிட்டன் 2010-இல் விதித்த நிபந்தனைகள் கடுமையானவை: தூக்கம் தொடர்ந்து கெட்டால் மட்டும், மற்ற வழிகள் தோற்ற பிறகு மட்டும், நான்கு வாரத்தில் பலன் இல்லையென்றால் நிறுத்திவிட வேண்டும். மேலே சொன்ன 2005-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஆய்வில் குயினைனை நிறுத்தச் சொன்னபோது பலரும் பெரிய தொந்தரவில்லாமல் நிறுத்த முடிந்தது. பொறுத்துக்கொள்ளக்கூடிய ஒரு வலிக்கு இந்த அளவு ஆபத்தை எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. டானிக் வாட்டரிலும் கொஞ்சம் குயினைன் இருக்கிறது. ஆய்வுகளில் கொடுத்த அளவுக்கு அது பக்கத்தில்கூட வராது, அலர்ஜி உள்ளவர்களுக்கு அந்தக் கொஞ்சமே போதும்.

வரிசை மாறும் சிலர்

கர்ப்பிணிகளுக்குக் கடைசி மூன்று மாதத்தில் பிடிப்பு சகஜம். அவர்களுக்கு இழுத்துவிடும் பயிற்சிதான் முதலும் முக்கியமும். மெக்னீசியம் பற்றி அவர்களிடம் செய்த ஆய்வுகளின் முடிவுகள் முன்னுக்குப் பின் முரணாக இருக்கின்றன. கேட்காமல் வாங்க வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கினால் கர்ப்பக் கால வீக்கம் என்று விட்டுவிடக் கூடாது, ரத்தக்கட்டிக்கு அவர்களிடம் வாய்ப்பு அதிகம்.

டயாலிசிஸ் செய்பவர்களுக்கு அங்கே நீர் இழுக்கும் அளவையும் வேகத்தையும் மாற்றினால் குறையலாம். அங்கிருக்கும் நர்ஸிடம் சொல்வதுதான் அவர்களுக்கு முதல் மருந்து.

ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்கு என்ன மாத்திரை கொடுத்தாலும் காரணம் நாற்காலி இல்லாததுதான். கேரளத்தைப் பின்பற்றித் தமிழ்நாடும் 2021-இல் கடைகளில் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது. அந்த இருக்கையில் உட்கார விடுகிறார்களா என்பதுதான் கேள்வி. இடையிடையே குதிகாலைத் தூக்கி இறக்குவதும், மதியம் சுவரில் ஒருமுறை இழுத்துவிடுவதும் அதுவரைக்கும் உதவும்.

எந்த வழியை எடுத்தாலும், ஆரம்பிப்பதற்கு முன் இரண்டு வாரம் மாதக் காலண்டரில் பிடிப்பு வந்த ராத்திரிகளை மட்டும் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஆரம்பித்த பிறகும் அப்படியே. ஒரு நேரத்தில் ஒரு வழிதான். பயிற்சியையும் கே2-வையும் ஒன்றாக ஆரம்பித்தால் எது உதவியது என்று தெரியாமலே வருடக்கணக்கில் பாட்டில் வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஆறு வாரத்தில் கோடுகள் குறையவில்லை என்றால் அந்தக் காலண்டரையும் மாத்திரைப் பையையும் மருந்துகள் ஆரம்பித்த தேதி எழுதிய தாளையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். சர்க்கரை, கிரியேட்டினின், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், தைராய்டு, பி12 ஆகியவற்றில் உங்களுக்கு எது தேவை என்று அவரே சொல்வார். கால் வீக்கமோ மரத்துப்போவதோ சதை மெலிவதோ நடக்கும்போது வலியோ இருந்தால் ஆறு வாரம் காத்திருக்காமல் முதலிலேயே போய்விடுங்கள்.